காசிக்குக் கொடுத்த பேச்சு

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. வேங்கிக்காலில் வீடு கட்டினால் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே போகலாம் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். நடந்துதான் போகிறார். தண்ணீருக்குத்தான் நாங்கள் அலைகிறோம்.

பதினோரு மணிக்கு எழில் சார் சென்னை ஸ்டுடியோவிலிருந்து புதுப்படத்தின் முதல் ரீலை அனுப்பினார். ஜப்பான் அனிமேஷன், துப்பறியும் கதை. திருட்டு வீடியோ பயத்தில் முழுப்படத்தையும் தரமாட்டார்களாம். மொத்தம் ஐந்து ரீல், ஒன்றுக்குத் தமிழ் வசனம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தது வரும். படத்தின் குறுக்கே என் பெயர் பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, வெளியே போனால் விட்டது யார் என்று தெரிவதற்காக. யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

எட்டாவது நிமிஷத்தில் மலை வந்தது. எங்கள் அண்ணாமலை. வரைந்த மலைதான், ஆனால் அடி அண்ணாமலைப் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற அதே சரிவு. கிரிவலப் பாதை, விபூதிக் கடை, ரோட்டோரம் சுருண்டு கிடக்கிற நாய். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவனைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கறுப்பு. இத்தனை வருஷமாக நான் எழுதிய கார்ட்டூன்களில் வருகிற இந்தியன் எல்லாம் காபி நிறத்தில் தலைப்பாகையோடு வருவான். இவன் எங்கள் வீட்டுக் கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் புளியங்கொட்டை அளவு வெள்ளைத் திட்டு. கழுத்தில் பச்சைத் துண்டு, பேசும்போது அதை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறான்.

எங்கள் அண்ணன் பரசுராமன். சந்தேகமே இல்லை. படத்தில் பெயர் காசி.

ஐந்து தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஓடும் பெயர்களை அப்புறம்தான் கவனித்தேன். பாத்திரங்களை வரைந்தவர்: சயூரி. 2017 மழைக்காலம் முழுக்க இங்கே தங்கி, அண்ணன் ஆட்டோவிலேயே சுற்றி, நோட்டு நோட்டாக வரைந்துகொண்டிருந்த ஜப்பான் பெண். கடவுளே, எட்டு வருஷம் இந்த முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறாள்!

ஜூலை 9, புதன்

கையெழுத்தின் மை காயவில்லை, சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்லாமல் இருப்பது? காலையில் கவிநிலாவை ஸ்கூலுக்கு ஏற்றிப்போக அண்ணன் வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே, "இன்னா பாப்பா, துன்னியா?" எனக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் பாப்பாதான். என் மகள் பன்னிரண்டு வயதுக்காரி, அவளை "மேடம்" என்கிறார்.

உள்ளே கூப்பிட்டு ஒரு நிமிஷம் மட்டும் காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் குனிந்து தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம மூஞ்சிய எவன் வரைவான்னு இருந்தேன். ஜப்பான்ல வரைஞ்சிக்கிறாங்க பாரு."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். சின்ன வயதில் அந்தத் திட்டுக்காகப் பள்ளிக்கூடத்தில் அவரைத் தனியாக உட்காரவைத்தது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். பெரிதாகத் தலையாட்டினார்.

ஜூலை 11, வெள்ளி

எழில் சாரோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை. காசிக்கு நான் அண்ணன் பேசுகிறபடியே எழுதியிருக்கிறேன். "இன்னா", "துன்னியா", "ஜாஸ்தி", "கம்மி", எல்லாம்.

"அருணா, வட்டாரப் பேச்சு காமெடியனுக்கும் ரவுடிக்கும்தான் போடுவோம். இவன் நல்ல கேரக்டர். கம்பெனியே எல்லா மக்களையும் மரியாதையா காட்டணும்னு பாத்து பாத்து எடுத்த படம்மா."

"அவங்க கறுப்பா வரைஞ்சிருக்காங்க சார். நாம வாய வெளுத்து விடறதா?"

சரி, அப்படியே எழுதுங்க என்றார். ஜெயித்துவிட்டேன். நான் சொன்ன அந்த வாக்கியத்தை எங்காவது எழுதி மாட்டலாம் போலிருக்கிறது.

காசியின் முதல் வசனம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆட்டோவில் ஏறும் துப்பறியும் அம்மாவிடம் அவன், அமைதியாக மலையைப் பாருங்கள் என்கிறான். நெருக்கமான காட்சி, உதடு மூன்று முறை மூடித் திறக்கிறது, தமிழும் அதோடு ஒட்ட வேண்டும். யோசிக்கவே இல்லை. அண்ணன் தன் வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்வது அப்படியே உட்கார்ந்துவிட்டது: "ஜாஸ்தி பேசாதீங்க, மலைய பாருங்க."

ஜூலை 19, சனி

இரண்டாவது ரீல். துப்பறிகிறவள் கினுயோ, ஓய்வுபெற்ற ஜப்பான் ஸ்டேஷன் மாஸ்டர் அம்மாள். ரயில் நேரம் சொல்வதுபோல் பேசுகிறாள். அவளுக்கு நல்ல புத்தகத் தமிழ் கொடுத்திருக்கிறேன். காசி அவளுக்கு இட்லி எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுக்கிறான். காசிதான் இந்தப் படத்துக்கே உயிர் என்று எழில் சார் சொல்கிறார்.

சந்தோஷமாக எழுதினேன். ரொம்ப நாள் கழித்து.

ஆகஸ்ட் 2, சனி

சென்னை போய் முதல் இரண்டு ரீல் ஒலிப்பதிவு பார்த்துவிட்டு வந்தேன். காசிக்குக் குரல் கொடுப்பவர் தஞ்சாவூர்க்காரர். பேச்சு வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போனில் இருந்த அண்ணனின் வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டுக் காட்டினேன். கேஸ் சிலிண்டர் பற்றி, கவிநிலாவின் டிபன் பாக்ஸ் பற்றி, சும்மா. மனிதர் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டால் அண்ணன் நிற்கிறார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. ஊரில் கால் வைக்க இடமில்லை. அடி அண்ணாமலை வளைவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், எட்டடி பிளெக்ஸ்.

"ஜப்பான் திரையில் ஜொலிக்கும் அண்ணாமலையின் ஆட்டோ நாயகன் பரசுராமன்!" அண்ணன் கும்பிட்டபடி. பக்கத்தில் மலை, ஜப்பான் கொடி. கீழே ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பதினெட்டு பேரும் வட்ட வட்டமாகச் சிரிக்கிறார்கள். எல்லாம் ஸ்டாண்டு பாலாஜியின் ஏற்பாடாம்.

அண்ணனுக்குப் போன் பண்ணித் திட்டினேன். என் பொழப்பே போய்விடும், தெரியுமா?

"நான் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன் பாப்பா."

பாலாஜியிடம் சொன்னால் கோபுரத்தில் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. ஜப்பான் கம்பெனியின் பெயரோ படத்தின் பெயரோ இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். எடுத்துவிடச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணி சந்திரா பிளெக்ஸுக்குக் கற்பூரம் காட்டுகிற வீடியோ அனுப்பியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மூன்றாவது ரீல். ஒரு வெளிநாட்டுப் பெண் மலையில் செத்துக் கிடக்கிறாள்.

ஐம்பது வயது, நரைத்த ஒற்றைப் பின்னல், பாறைக்குக் கீழே. வெறுங்கால். செருப்பைக் காணோம் என்று கினுயோ குறித்துக்கொள்கிறாள்.

இதுவும் இங்கே நடந்ததுதான். 2017 டிசம்பர், போலந்திலிருந்து வருஷாவருஷம் வருகிற மார்த்தா. அண்ணன்தான் அவளை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார். மாலைவரை காத்திருந்து, வராமல் போகவே தானே ஏறித் தேடினார். கண்டுபிடித்து, ஆட்கள் வருகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் இரண்டு நாள் விசாரித்து, வழுக்கி விழுந்தது என்று முடித்தார்கள். அப்போது சயூரி இங்கேதான் இருந்தாள்.

அதையா எடுத்திருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இக்கிது?" என்றார். தலைவலி என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

நான்காவது ரீல். கோயில் குருக்கள் மேல் சந்தேகம், தீர்ந்தது. லாட்ஜ்காரன் மேல் சந்தேகம், தீர்ந்தது. செத்தவளின் காதலன், அவனும் இல்லை.

பன்னிரண்டு வருஷமாக இந்த மாதிரிக் கதைகளுக்கு எழுதுகிறேன். கடைசி ரீலுக்கு முன்னால் யார்மேல் சந்தேகமே வரவில்லையோ, எல்லோருக்கும் யாரைப் பிடித்துப் போயிருக்கிறதோ, அவன்தான் கொலைகாரன்.

இருக்காது. நாமே ஏன் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும்?

செப்டம்பர் 13, சனி

அவன்தான்.

ஐந்தாவது ரீல் பதினேழு நிமிஷம். செத்தவள் பறவைச் சத்தம் பதிவு பண்ணுகிற பழக்கம் உள்ளவள். அவள் போனில் கடைசியாகப் பதிவானது ஒரு ஆண் குரல், ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்டதும் கினுயோவுக்குத் தான் முதல் நாள் ஆட்டோவில் ஏறினது ஞாபகம் வருகிறது. அதே வாக்கியம். அதே தொனி. அதை வைத்துத்தான் பிடிக்கிறாள். அப்புறம் ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கினால் செருப்பு.

காரணம் என்ன என்றால், அவள் புனித மலையைக் கேலி பண்ணினாளாம். பக்தி முற்றித் தள்ளிவிட்டானாம். ஐயோ, கோயிலுக்குள் போனால் தேங்காய் சட்னி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று பேசுகிற மனுஷன் எங்கள் அண்ணன்.

தள்ளுவதற்கு முன்னால் காசி அவளிடம் சொல்வதைக் கடைசியில் திரும்பக் காட்டுகிறார்கள். உதடு மூன்று முறை மூடித் திறக்கிறது.

நான் என்ன பண்ணித் தொலைச்சேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழில் சாரிடம் கெஞ்சினேன். முதல் ரீல் வசனத்தை மாற்றிவிடலாம், நானே சும்மா எழுதித் தருகிறேன், காசிக்கு வேறு ஊர்ப் பேச்சு போடலாம், பொதுவான தமிழே போடலாம்.

"அந்த ரீல் ரெக்கார்டிங் முடிஞ்சு ஜப்பானுக்குப் போயி அப்ரூவல் ஆயிடுச்சும்மா. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த லைன்தான் டிரெய்லர்ல வருது. நீங்கதானே சண்டை போட்டு வாங்கினீங்க?"

ஆமாம். நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். முகத்தை மட்டும் வைத்து ஒருவேளை யாரும் அண்ணன் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். உலகத்தில் வெள்ளைத் திட்டு உள்ளவர் எத்தனையோ பேர். குரலையும் பேச்சையும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். ஊரார் பிளெக்ஸ் வைத்து விலாசமும் எழுதிவிட்டார்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 15, திங்கள்

சயூரியின் விலாசம் தேடிப்பிடித்து மெயில் போட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரே கேள்வி.

இன்றும் அண்ணனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

டிரெய்லர் வந்துவிட்டது. முதலில் காசி சிரிக்கிறான். மலை. ஒரு பெண்ணின் கை காற்றில் அலைகிறது. இருட்டுத் திரையில் குரல் மட்டும்: "ஜாஸ்தி பேசாதீங்க, மலைய பாருங்க."

ஸ்டாண்டில் பட்டாசு வெடித்தார்களாம். பாலாஜி அதை ரிங்டோனாக வைத்திருக்கிறான். ஆட்டோவில் ஏறுகிற பையன்கள் எல்லாம் அண்ணனை அதைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுக்கிறார்களாம். அவரும் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்கிறார். நாற்பது வீடியோ வந்திருக்கும் எனக்கு. ஒவ்வொன்றிலும் மலையைக் காட்டிச் சிரிக்கிறார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

இதை எழுதலாமா? எழுதுகிறேன்.

2018 பொங்கலுக்கு அண்ணன் வீட்டைச் சுத்தம் பண்ணினோம். பரணில் ஒரு பிளாஸ்டிக் பையில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி, பழுப்புத் தோல், வெளிநாட்டுச் சரக்கு. யாருடையது என்று கேட்டதற்கு அண்ணி, "எவளோ வெள்ளைக்காரி வண்டியிலயே வுட்டுட்டு போயிட்டா, உங்கண்ணன் பத்திரமா வெச்சிக்கிறாரு" என்றாள்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். படத்தில் பின்சீட்டைத் தூக்குகிற வரை.

சயூரிக்கு அந்தச் செருப்பைப் பற்றி எப்படித் தெரியும்?

செப்டம்பர் 28, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

பகல் பதினொன்றரைக்கு அண்ணன் வந்தார், ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு. இவரும் கவிநிலாவும் டவுனுக்குப் போயிருந்தார்கள். படத்தின் முடிவைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "கொலகாரனா? நானா?" அப்புறம் சிரிப்பு நின்றது. "ஊர்ல பிளெக்ஸ் வெச்சிக்கிறானுங்களே பாப்பா" என்றார். அதோடு விட்டிருக்கலாம். விட்டிருக்க வேண்டும்.

"அண்ணா, பரண்ல இருந்த செருப்பு மார்த்தாவோடதா?"

தலையாட்டினார்.

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? என்கிட்டயாவது சொல்லுங்க."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"நீயும் கேக்குறியா பாப்பா?"

சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். "அந்தம்மா செருப்பு போட்டுனு ஏறப் பாத்துச்சி. நான்தான், சாமி மலைமா இது, கழட்டி வண்டியில வெச்சிட்டு போங்கன்னேன். உடனே கழட்டிச்சி, கும்பிட்டுச்சி. மொத நாளு நல்ல மழ. பாறையெல்லாம் வழுக்கல்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். செருப்பு இருந்திருந்தா வழுக்கியிருக்காது. ஸ்டேஷன்ல வண்டியில ஏதாவது கீதான்னு கேட்டப்ப பயத்துல இல்லன்னுட்டேன். அப்புறம் எப்படிப் போயி சொல்றது? தூக்கிப் போடவும் மனசு வரல. சயூரிமாகிட்ட மட்டும் ஒரு நாளு அழுதுட்டேன்."

கறிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். வண்டி கிளம்பிவிட்டது.

அவர் சொன்னது முழுக்க நிஜம். ஒரு எழுத்துகூட சந்தேகம் இல்லை எனக்கு. கேட்பதற்கு முன்னாலேயே அப்படி நம்பியிருக்கலாம், பாவி நான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சயூரியின் பதில். இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக்கூடாதா?

ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். சுருக்கமாக இங்கே: "பரசுராமன் ஒரு செருப்புக்காக அத்தனை அழுதார். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றித்தான் இந்தப் படத்தைத் தொடங்கினேன். முதல் வரைவில் காசி வெறும் சாட்சி, நல்லவன். கதைக் கூட்டத்தில், ஒரு இந்தியனை நல்லவனாக மட்டும் ஓரத்தில் வைத்தால் அது அலங்காரத்துக்கு வைத்த மாதிரி, முக்கியமான பாத்திரம் கொடுப்பதுதான் மரியாதை என்றார்கள். துப்பறியும் படத்தில் கொலைகாரனைவிட முக்கியமானவன் யார்? நான் எதிர்த்துப் பேசினேன். பிறகு வரைந்தேன். மன்னியுங்கள்."

பிறகு வரைந்தேன். இவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இவள் முகத்தைக் கொடுத்தாள், நான் வாயைக் கொடுத்தேன். இரண்டு பேரும் பாசத்தில்தான் கொடுத்தோம்.

அண்ணன் நேற்றும் இன்றும் கவிநிலாவை ஏற்றிப்போக வந்தார். ஹாரன் அடித்தார். வாசலுக்கு வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

படம் வந்துவிட்டது. தீபாவளிக் கூட்டம். ஸ்டாண்டுக்காரர்கள் அண்ணனுக்கு மாலை போட்டு தியேட்டருக்கு அழைத்துப்போனார்களாம். அண்ணி எவ்வளவு சொல்லியும் போனார். "போவலன்னா பயந்துட்டான்னு பேசுவானுங்க" என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் பேசவில்லை.

முதல் காட்சியில் விசில். காசி வரும்போதெல்லாம் விசில். கடைசி ரீலில் விசில் இல்லை என்று அண்ணி சொன்னாள். விளக்கு போட்டதும் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு குழந்தை அண்ணனைப் பார்த்து அழ ஆரம்பித்ததாம். மாலையோடு எழுந்து வெளியே வந்திருக்கிறார். பாலாஜி மட்டும், "படம்தானே பரசு" என்று தோளைத் தட்டினானாம்.

அக்டோபர் 22, புதன்

உலகம் முழுக்கப் பாராட்டுகிறார்கள். "ஒரு தமிழனை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய முதல் ஜப்பான் துப்பறியும் படம்." "வட்டாரப் பேச்சை மதித்த டப்பிங்." என் பெயரைக்கூட ஒருத்தர் எழுதியிருக்கிறார். அப்படியே மூடிவைத்தேன்.

இன்னொரு பக்கம் சென்னையிலிருந்து யாரோ யூடியூப்காரன் வந்து பிளெக்ஸ் முன்னால் நின்று பேசியிருக்கிறான்: "படத்துல வர்ற காசி நிஜமாவே இருக்காரு நண்பர்களே. எட்டு வருஷம் முன்னாடி இதே மலையில ஒரு வெளிநாட்டுப் பெண் இறந்தாங்க. கடைசியா அவங்கள ஏத்திட்டுப் போனது யார் தெரியுமா?" ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் 27, திங்கள்

பிளெக்ஸில் அண்ணனின் கண்களை யாரோ குத்திக் கிழித்திருக்கிறார்கள். கீழே வட்டத்தில் இருந்த பதினெட்டு முகத்திலும் கீறல் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

செங்கம் ரோட்டு லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அண்ணன் வண்டியைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்கூல் சவாரியில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருவராக நின்று, போன வாரம் இரண்டு பேர். கவிநிலாவும் இன்னொரு பெண்ணும். இன்றைக்கு அந்தப் பெண்ணும் இல்லை.

இரவு சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "நாளைலேர்ந்து கவிநிலாவ நானே விட்டுடறேன். ஆபீஸ் போற வழிதானே."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... ஒருத்தி மட்டும் தனியா போறா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

என் வீட்டுக்காரர் ராமகிருஷ்ணன் நல்ல மனிதர். என் கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் இவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் கத்தியிருக்கலாம். செருப்பைப் பற்றிக் கேட்ட வாய் எந்த முகத்தோடு கத்தும்?

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் அண்ணன் வந்து ஹாரன் அடித்தார். கவிநிலா அப்பாவோடு போய்விட்டாள் என்று நான்தான் வெளியே போய்ச் சொன்னேன். "சரி" என்றார். ரொம்ப நேரம் வண்டியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 10, திங்கள்

போலந்திலிருந்து மார்த்தாவின் தங்கை போலீஸுக்கு மெயில் அனுப்பியிருக்கிறாளாம். யூடியூப் பார்த்திருக்கிறாள். அக்காவின் செருப்பு திரும்பி வரவே இல்லை என்று எழுதியிருக்கிறாளாம். அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பழைய ஃபைலைச் சும்மா ஒருமுறை பார்க்கிறோம் என்றார்களாம்.

அண்ணி அழுதுகொண்டே போன் பண்ணினாள். "அந்த செருப்ப கொளுத்திடலாம்ங்கறேன், கேக்க மாட்டேங்கறாரு."

அண்ணன் அந்த பிளாஸ்டிக் பையைத் தானே எடுத்துப்போய் ஸ்டேஷன் மேஜைமேல் வைத்துவிட்டார். என்னிடம் சொன்னதையே சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நடுவில் நிமிர்ந்து, "அந்த டயலாக்க ஒரு தபா சொல்லேன்" என்று கேட்டாராம். அண்ணன் சொல்லவில்லை.

கூப்பிடும்போது வரவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம். மலைமேல் எரிகிறது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் வண்டி எடுக்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அண்ணன் ஊரைவிட்டுப் போய்விட்டார். கீழ்பென்னாத்தூரில் அண்ணியின் தம்பிக்கு மணிலாக்கடலை மூட்டை ஏற்றும் வேன் இருக்கிறது, அதை ஓட்டப் போகிறாராம். ஆட்டோவை விற்றாயிற்று. எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

இரண்டு மாதமாக நான் ஒரு வரி வசனம் எழுதவில்லை. வந்த வேலைகளைத் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 22, வியாழன்

எழில் சார் கூப்பிட்டார். இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். காசி ஜெயிலில் இருந்தபடி கினுயோவுக்கு உதவுகிறானாம். உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்கிறார்களாம்.

"அந்தப் பேச்சு உங்களாலதான் முடியும் அருணா. முடியாதுன்னா வேற ஆள பாக்கணும். அவங்க அதக் கெடுத்துடுவாங்க."

யோசிக்கிறேன் என்றேன். ஏன் உடனே முடியாது என்று சொல்லவில்லை? சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். கேட்காமல் எழுதக்கூடாது, எழுதவேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று. உண்மையைச் சொன்னால் அது ஒரு சாக்கு. போய் வாசலில் நின்றால் பழையபடி ஒரு வார்த்தை கூப்பிடுவார், அதைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

மண்டி ஓரமாக வேன் நின்றது. அண்ணன் ஒரு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். மீசை இல்லை. பச்சைத் துண்டு இல்லை. புருவத்துக்கு மேல் அண்ணியின் கிரீமைத் தடவியிருக்கிறார், வியர்வையில் கொஞ்சம் கரைந்து வெள்ளை எட்டிப்பார்த்தது. இதெல்லாம் அண்ணி போனிலேயே சொல்லியிருந்தாள், மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன்.

அவர் பேசியதற்குத்தான் தயாராக இல்லை. "மூட்டைகளை இறக்கிவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்த வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக. வியாபாரி வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குத் தெரியும் அது யாருடைய தமிழ் என்று. கினுயோவுக்கு நான் எழுதிய தமிழ். படத்தில் கடைசிவரை யாரும் சந்தேகப்படாதவர்கள் எல்லாம் அப்படித்தான் பேசுவார்கள்.

அண்ணா என்று கூப்பிட்டேன். திரும்பினார். கோபம் இல்லை. சிரித்தார்கூட. துண்டு இல்லாத கழுத்துக்கு ஒருமுறை கை போய் இறங்கியது.

"வா அருணா. சாப்பிட்டாயா?"

இரண்டாம் பாகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டேன், அண்ணா" என்றேன்.